கண்ணாடி செய்த குற்றம்

ஒரு தீமை நிகழ்ந்துவிட்டால் அதற்குப் பொறுப்பாளி யார் எனத் தேடுவது மனித இயல்பு. அத்தேடலில் மனிதன் கடைசியாக வந்து நிற்க வேண்டிய இடம் தன் நெஞ்சம். பலர் அவ்விடத்துக்கு வந்து சேர்வதேயில்லை. வழியிலேயே ஒரு மாற்றாந்தாய், ஒரு கெட்ட நண்பன், ஒரு பாழும் காலம், ஒரு பொல்லாத பொறி என ஏதேனும் ஒன்று அகப்பட்டுவிடுகிறது. அதன் தலையில் பழியை இறக்கி வைத்துவிட்டு நிம்மதியாக வீடு திரும்பிவிடுகிறோம். இவ்வுண்மையை நமக்குக் கற்பித்தது ஒரு குழந்தைக் கதையின் இருநூறாண்டு வரலாறு என்றால் வாசகர்கள் வியப்புறக்கூடும். நாமும் வியப்புற்றோம்.

நம்மிடம் முன்னர் பயின்ற மாணவர் ஒருவர் அமெரிக்காவிலிருந்து வந்திருந்தபோது, தம் மகளுக்கென வாங்கிய நூலொன்றை நம்மிடம் காட்டினார். முழுவதும் ஓவியங்களால் ஆன நூல். படக்கதை என்றாலே சிறுவர் பொழுதுபோக்கு என ஒதுக்கிவிடும் பழக்கம் நம் தலைமுறைக்கு உண்டு. எழுத்தை உயர்த்தியும் படத்தைத் தாழ்த்தியும் பழகிய கண்கள் நம்முடையவை. மரியாதைக்காகவே அதனைப் புரட்டத் தொடங்கினோம். பல பக்கங்களில் ஒரு சொல்கூட இல்லை. கறுப்பும் வெள்ளையும் சாம்பலுமான நீர்வண்ணத்தில் பனி பொழியும் ஒரு மாநகரம். ஆப்பிளின் சிவப்பு முதலிய மிகச்சில இடங்களில் மட்டுமே வண்ணம். முடித்துவிட்டு நூலை மூடியபோது இரவு நெடுநேரமாகியிருந்தது.

மாட் ஃபெலன் என்னும் அமெரிக்க ஓவியர் எழுதி வரைந்து 2016 ஆம் ஆண்டில் வெளியிட்ட 'ஸ்னோ ஒயிட்' என்னும் சித்திரப் புதினமே அந்நூல். பெயரே கூறுவதுபோல், வெண்பனி போன்ற நிறமுடைய பெண்ணைப் பற்றிய பழைய ஐரோப்பியக் கதையின் மறுகூறல் அது. அதனைப் புரிந்துகொள்ள, முதலில் பழைய கதைக்குச் செல்ல வேண்டும்.

ஜெர்மனியின் யாக்கோப் கிரிம், வில்ஹெல்ம் கிரிம் என்னும் உடன்பிறந்த அறிஞர் இருவரும் தாம் திரட்டிய நாட்டார் கதைகளை 1812 ஆம் ஆண்டில் நூலாக்கினர். அத்தொகுதியின் 53 ஆம் கதை இது. தன்னினும் அழகி எவளேனும் உண்டோ என நாள்தோறும் தன் சுவர்க்கண்ணாடியை வினவும் அரசி ஒருத்தி. அரசியே அழகி எனக் கண்ணாடி விடையிறுக்கும் வரை அவளுக்கு அமைதி. ஒருநாள் அது வேறொரு பெயரைச் சொல்லிவிடுகிறது. அன்று தொடங்குகிறது கொலை முயற்சி. வேடன் ஒருவனை ஏவிப் பெண்ணைக் கொன்றுவரச் செய்கிறாள். அவன் இரங்கி விட்டுவிட்டு, காட்டுப்பன்றிக் குட்டி ஒன்றின் ஈரலையும் நுரையீரலையும் கொண்டு வந்து கொடுக்கிறான். காட்டில் ஏழு குள்ளர்கள் அவளுக்கு அடைக்கலம் தருகின்றனர். அரசியோ மாறுவேடம் பூண்டு கச்சுக் கயிற்றாலும், நச்சுச் சீப்பாலும், இறுதியில் நஞ்சூட்டிய ஆப்பிளாலும் மும்முறை கொல்ல முயல்கிறாள். முடிவில் பெண் உயிர் பெறுகிறாள். அரசி பழுக்கக் காய்ச்சிய இரும்புக் காலணிகளை அணிந்து, ஆடி ஆடியே மாள்கிறாள்.

இவ்விடத்தில் வாசகர்கள் பெரும்பாலோர் அறியாத ஒரு செய்தி உண்டு. 1812 இன் முதற்பதிப்பில் அந்த அரசி மாற்றாந்தாய் அல்லள். பனிபோல் வெளுத்த குழந்தை வேண்டுமென ஏங்கி, வயிற்றில் சுமந்து பெற்றெடுத்த அதே தாய்தான் பின்னர் அக்குழந்தையைக் கொல்லத் துணிகிறாள். 1819 இல் வெளிவந்த இரண்டாம் பதிப்பில் கிரிம் சகோதரர்கள் இதனை மாற்றினர். பெற்றவள் மகப்பேற்றில் இறந்துவிட, ஓராண்டு கழித்து மன்னன் வேறொருத்தியை மணக்கிறான். பழி அவளுக்குச் சேர்கிறது. தாய்மையின் மாண்பு காக்கப்பட்டது. ஆனால் அம்மாற்றத்தால் ஒன்றை இழந்தோம். பொறாமை நம் சொந்த வீட்டில், சொந்த இரத்தத்தில் பிறக்கும் என்னும் கசப்பான உண்மை கதையிலிருந்து வெளியேற்றப்பட்டது. அது வெளியிலிருந்து, அந்நியப் பெண்ணொருத்தியின் உருவில் வீடு புகுவதாயிற்று.

இனி, ஃபெலன் செய்தது யாது? கதையை அவர் அமெரிக்காவின் நியூயார்க் மாநகருக்கு, 1920களின் பிற்பகுதிக்குக் கொண்டு செல்கிறார். மன்னனுக்குப் பதில், வால் ஸ்ட்ரீட் பங்குச் சந்தையின் மன்னன் எனப் பெயர்பெற்ற செல்வன். அவன் மகள் ஸமாந்தா ஒயிட். தாயை இழந்த அவளை வெளியூருக்கு அனுப்பிவிடும் மாற்றாந்தாயோ, 'ஃபாலீஸ்' எனப்பட்ட ஆடல் பாடல் அரங்கின் அரசி. ஃப்ளோரன்ஸ் சீக்ஃபெல்ட் என்பார் 1907 ஆம் ஆண்டு முதல் நியூயார்க்கில் நடத்திய அத்தகைய அரங்குகளில் பெண்ணழகே விற்பனைப் பொருளாக மேடையேறியது. ஆகவே அவள் அழகைத் தொழிலாகக் கொண்டவள். ஏழு குள்ளர்களின் இடத்தில் வீடுவாசலற்ற ஏழு தெருச் சிறுவர்கள். வேடன் இடத்தில் ஹன்ட் என்னும் ஆள். அப்பெயரின் பொருளே வேட்டை என்பதுதான். கண்ணாடியின் இடத்தில் 'டிக்கர்' என்னும் பொறி.

இப்பொறி 1867 ஆம் ஆண்டில் எட்வர்ட் காலஹன் என்பவரால் அமைக்கப்பட்டது. தந்திவழி வரும் பங்குவிலைகளை நீண்ட காகித நாடாவில் 'டிக் டிக்' என்னும் ஓசையோடு அச்சிட்டுத் தள்ளும். பெயரும் அவ்வோசையால் வந்ததே. எவன் உயர்ந்தான், எவன் தாழ்ந்தான் என்பதைத் தவிர வேறெதையும் சொல்லாத பொறி அது. 1929 அக்டோபர் 24 ஆம் நாள் சந்தை சரிந்தபோது, விற்பனையின் வேகத்துக்கு ஈடுகொடுக்க இயலாமல், சந்தை மூடிய பின்னும் நான்கு மணி நேரம் அது ஓடிக்கொண்டிருந்தது. அக்டோபர் 29 இல் ஏறத்தாழ 1 கோடியே 64 இலட்சம் பங்குகள் கைமாறின. நாடாவில் வந்த எண் மெய்தான். ஆனால் கழிந்த நேரத்தின் மெய். தம் நிலை இப்போது யாதென்று அறியாத மக்கள் அச்சத்தாலேயே விற்றனர், அச்சத்தாலேயே வீழ்ந்தனர். 1929 செப்டம்பரில் 381 ஆக இருந்த டோ ஜோன்ஸ் பங்குவிலைக் குறியீடு 1932 ஜூலையில் 41 ஆகக் குறைந்தது. ஃபெலன் தம் கதையின் மந்திரக் கண்ணாடியாக இப்பொறியைத் தேர்ந்தது வெறும் அலங்காரம் அன்று என்பதற்கு இவ்வரலாறே சான்று.

சந்தைச் சரிவில் தப்பிய செல்வன், பிறகு விளங்காத முறையில் திடீரென மாள்கிறான். அவன் வீட்டுப் பொறியிலிருந்து ஊர்ந்துவரும் நாடா அரசிக்கு மட்டும் ஒரு செய்தியை அச்சிடுகிறது: அவளினும் அழகு மிக்க மற்றொருத்தி இருக்கிறாளாம்; அவளைக் கொல்ல வேண்டுமாம்.

இங்கேதான் நாம் நூலை மடியில் வைத்துவிட்டுச் சிந்திக்கலானோம். கிரிம் கதையின் கண்ணாடி ஒருபோதும் கொல்லச் சொல்லவில்லை. அது பொய் சொல்லாது என்பதை அரசியே அறிந்திருந்தாள். கேட்டால் சொல்லும், கேட்டதற்கு மட்டும் சொல்லும், உள்ளதை மட்டும் சொல்லும். கொலை என்னும் முடிவு முற்றிலும் அவள் நெஞ்சில் பிறந்தது. ஆனால் ஃபெலனின் பொறியோ தானே ஆணையிடுகிறது. 1812 இல் பெற்ற தாயிடம் இருந்த பழி 1819 இல் மாற்றாந்தாயிடம் போயிற்று. 2016 இல் பொறியினிடம் போய்விட்டதோ? அவ்வாறாயின், ஆணையை நிறைவேற்றிய அரசியின் குற்றம் குறைந்துவிடுமோ? இது வெறும் கதை வினா அன்று. காலம் கெடுத்தது, கருவி கெடுத்தது என நாளும் கேட்கும் சாக்குகளுக்கெல்லாம் அடியிலிருப்பது இவ்வினாவே.

இதற்கு விடை கதைக்குள்ளேயே இருக்கிறது. வேடனை நினைத்துப் பாருங்கள். அவனுக்கும் ஆணை வந்தது. அரசியாவது நாடாவில் கண்டாள். அவனோ அதிகாரமுடைய வாயிலிருந்தே கேட்டான். ஆயினும் கத்தி இறங்கவில்லை. கிரிம் கதையின் வேடன் முழுமையான நல்லவன் அல்லன். அவள் அழகைக் கண்டு இரங்கினான். காட்டு விலங்குகள் விரைவில் தின்றுவிடும் என எண்ணியவாறே போகவிட்டான். அத்தகைய அரைகுறை மனிதனாலேயே ஓர் ஆணையை மறுக்க இயன்றது எனில், ஆணை என்பது கட்டாயம் அன்று என்பது தெளிவாகிறது. தூண்டுவது வேறு, செய்விப்பது வேறு. வஸ்வாஸ் என நாம் வழங்கும் அரபுச்சொல் காதோடு முணுமுணுக்கப்படுவதைக் குறிக்குமேயன்றிக் கையைப் பிடித்து இழுப்பதைக் குறிப்பதில்லை. அரசியைத் தவிர வேறு யாருக்கும் அந்நாடா இவ்வாறு பேசவில்லை என்பதையும் நோக்குக. அவள் நெஞ்சு எழுதியதை அது அச்சிட்டது என்றே நாம் கொள்கிறோம். எனவே அரசியின் குற்றம் அணுவளவும் குறையவில்லை.

அப்படியானால் கண்ணாடியும் பொறியும் முற்றும் குற்றமற்றவையா? இவ்வளவில் விடை கூறி முடித்தல் அவசரமாகும். பொறாமையின் இயல்பை இன்னும் சற்று நெருங்கி நோக்க வேண்டும்.

அரபு மொழி இதில் நுட்பமானதொரு வேறுபாடு காட்டுகிறது. பிறரிடமுள்ள நலம் நமக்கும் வேண்டுமென விழைவது 'கிப்தத்'. அந்நலம் அவரை விட்டு நீங்க வேண்டுமென விழைவது 'ஹஸத்'. முன்னது ஒருவனை உழைக்கத் தூண்டும். பின்னது பிறனை வீழ்த்தத் தூண்டும். தமிழோ ஒரே சொல்லின் அமைப்பிலேயே நோயின் மூலத்தைச் சொல்லிவிடுகிறது. பொறாமை என்பது பொறுக்க மாட்டாமை. பிறன் நலமாயிருப்பது ஒரு சுமை. அதனைப் பொறுக்கத் தோளில்லை. வள்ளுவர் அழுக்காறாமைக்கென ஓர் அதிகாரமே வகுத்ததும் இந்நோயின் கொடுமை கருதியேயாகும்.

1111 இல் மறைந்த இமாம் கஸ்ஸாலி தம் 'இஹ்யா' என்னும் பெருநூலில் பொறாமையை ஆராயும்போது ஓர் உண்மையைச் சுட்டுகிறார். கற்றோர் கற்றோரையும் வணிகர் வணிகரையும் கண்டு பொறாமை கொள்வரேயன்றி, ஒருவர் துறையைக் கண்டு மற்றவர் கொள்வது அரிது. ஒரே இலக்கை நோக்கிப் பலர் நெருக்குண்டு நிற்கும் இடத்தில்தான் அது முளைக்கிறது. அறிவு போன்ற எல்லையற்ற பொருளை அதற்காகவே நாடுவோரிடையே நெருக்கடி இல்லை. ஒருவர் பெற்றதால் மற்றவர் பங்கு குறைவதில்லை. அரசி கேட்ட வினாவை இவ்வொளியில் மீண்டும் நோக்குவோம். 'நான் அழகியா' என்று அவள் கேட்டிருப்பின், ஆயிரம் அழகியர் நாட்டில் வாழ இடமிருந்திருக்கும். 'எல்லாரினும் அழகி யார்' என்று கேட்டாள். ஒருத்தி மட்டுமே அமரக்கூடிய ஆசனத்தை அவ்வினாவே செய்து வைத்துவிட்டது. இன்னொருத்தி பிறந்து வளர்ந்தால் போதும், அவள் பகைவியாகிவிடுவாள். கண்ணாடி சொன்ன விடை மெய். அதனிடம் கேட்கப்பட்ட வினாவே நஞ்சு.

இதனை எழுதும்போது நம் கை தயங்குகிறது. ஏனெனில் அவ்வினாவை நாமும் பல்லாண்டு கேட்டிருக்கிறோம். மாதந்தோறும் தேர்வு முடிந்ததும் மாணவர் மதிப்பெண்களை முதலிடம் தொடங்கிக் கடைசிவரை வகுப்பில் உரக்கப் படிப்பது நம் வழக்கம். ஓராண்டில், எப்போதும் முதலில் நிற்கும் மாணவனின் இலக்கணக் குறிப்பேடு கிணற்றில் மிதந்தது. போட்டவன் இரண்டாம் இடத்தில் நிற்பவன். அவனை அழைத்து, "நாம் படித்த மதிப்பெண் பொய்யா?" என்று வினவினோம். "பொய்யென்று சொல்லவில்லை ஹஜ்ரத். ஒவ்வொரு மாதமும் அவன் பெயருக்குப் பிறகுதான் என் பெயர் வந்தது. அவன் இல்லாவிட்டால் என் பெயர்தானே முதலில்?" என்றான். நாம் அவனைக் கண்டித்தோம், கண்டித்தது சரியே. குறிப்பேட்டைக் கிணற்றில் எறிந்தது அவன் கையேயன்றி நம் கை அன்று.

எனினும் அன்றிரவு உறக்கம் வரவில்லை. கிரிம் கதையின் கண்ணாடி கேட்டபின் சொன்னது. நாமோ கேளாமலே சொன்னோம். ஒருவனிடம் சொல்ல வேண்டியதை நாற்பது பேர்முன் சொன்னோம். மாதந்தோறும் தவறாமல் சொன்னோம். நாம் கண்ணாடியாக இருக்கவில்லை. டிக்கர் பொறியாக இருந்தோம். மறுமாதம் முதல் பட்டியல் படிப்பதை நிறுத்தினோம். அப்போது முதல் மாணவன் தனியே வந்து, "நான் உழைத்தது யாருக்கும் தெரிய வேண்டாமா ஹஜ்ரத்?" என்று கேட்டான். அவன் வினாவிலும் நியாயம் இருந்தது. பொறாமைக்காரனுக்கு அஞ்சி மெய்யை மறைப்பதும் ஒருவகை அநீதியே. அவன் உழைப்பைப் பாராட்டினோம். அவன் எழுதிய விடையை வகுப்புக்கே பாடமாக்கினோம். ஆனால் அவனுக்கு முன்னும் பின்னும் யாரையும் நிறுத்தவில்லை. மற்றவர்களிடம் 'எத்தனையாவது' என்பதற்குப் பதிலாக 'எது விளங்கவில்லை' என்று கேட்கத் தொடங்கினோம். இதனால் வகுப்பில் பொறாமை ஒழிந்தது என்று கூறமாட்டோம். அதற்கு நாம் ஊட்டிவந்த தீனி நின்றது என்று மட்டும் கூறலாம்.

இன்று ஒவ்வொருவர் கையிலும் ஒரு கண்ணாடி இருக்கிறது. கைப்பேசியைத் திறந்த அளவில், எவர் படத்தை எத்தனைபேர் விரும்பினர், எவரை எத்தனைபேர் பின்தொடர்கின்றனர் என்னும் எண்கள் கேளாமலே வந்து நிற்கின்றன. எதைக் கண்டு நாம் நின்றோமோ அதனையொத்ததையே மேலும் கொண்டுவந்து கொட்டுமாறு அவற்றின் பின்னுள்ள பொறிகள் அமைக்கப்பட்டுள்ளன. அரசி வினவ வேண்டிய வினாவை அவை நம் வாயில் வைத்துவிடுகின்றன. ஆகவே நம் முடிவு இது: கேட்டபோது மெய் சொல்லும் கண்ணாடிக்குக் குற்றமில்லை. கேளாதபோதும் வரிசையிட்டுச் சொல்லிக்கொண்டேயிருக்கும் பொறியை அமைத்து, பிறர் நெஞ்சின் எரிச்சலில் பயன் காண்பவருக்குக் குற்றத்தில் பங்குண்டு. ஆனால் அப்பங்கு, நம் பங்கிலிருந்து கழிக்கப்படுவதன்று. ஒரு கொலையில் இருவர் கூடினால் பழி பாதியாவதில்லை. ஒவ்வொருவர் மீதும் முழுமையாகவே நிற்கும்.

இறுதியாக, ஃபெலனின் நூலில் நம் நெஞ்சை விட்டகலாத ஒன்றைக் கூறி முடிக்கிறோம். கிரிம் கதையின் கண்ணாடி, அழகியின் பெயரைச் சொன்னது. ஃபெலனின் நாடாவோ பெயர் சொல்லாமல் மற்றொருத்தி என்கிறது. பெயருள்ளவளுக்குத் தாயுண்டு, குழந்தைப்பருவம் உண்டு, அச்சமும் சிரிப்பும் உண்டு. 'மற்றொருத்தி' என்பவளுக்கு இவை எவையுமில்லை. அவள் வெறும் இடையூறு. பொறாமை முதலில் பறிப்பது பிறரின் பெயரை. உயிரைப் பறிப்பது அதற்குப் பின்னரே. முதலாமவன், போட்டியாளன், எதிர்வீட்டுக்காரன் என்று மட்டுமே ஒருவனை நினைக்கத் தொடங்கும்போது நாமும் அந்நாடாவின் மொழியைப் பேசத் தொடங்கிவிடுகிறோம்.

தெருச்சிறுவர் எழுவரும் தம் பெயரை எவருக்கும் சொல்லாதவர்கள். உலகம் பெயர் கேட்டு அவர்களுக்கு நன்மை செய்ததில்லை போலும். அப்பெண் நஞ்சுண்டு வீழ்ந்தபின், பெருங்கடையொன்றின் பண்டிகைக்கால அலங்காரக் கண்ணாடிச் சாளரத்தில் அவளைக் கிடத்துகின்றனர். அப்போதுதான் ஒவ்வொருவனாகத் தன் பெயரை அவளிடம் சொல்கிறான். பழைய கதையில் கண்ணாடிப் பேழையின்மேல் அவள் பெயரைப் பொன்னெழுத்தில் பொறித்தனர் குள்ளர்கள். புதிய கதையில் பெயரையே காணிக்கையாக வைத்தனர் சிறுவர்கள்.

அரசி பார்த்ததும் கண்ணாடி. எழுவர் பார்த்ததும் கண்ணாடி. அரசி அதில் தனக்கு மேல் யார் என்று தேடினாள். அச்சிறுவர்களோ தங்களைத் தேடாமல், உள்ளே கிடந்தவளைப் பார்த்தனர். கண்ணாடியை உடைப்பதால் பயனில்லை. நம் காலத்தில் அது இயலவும் இயலாது. அதன்முன் நிற்கும்போது என்ன வினாவோடு நிற்கிறோம் என்பதே நம் பொறுப்பில் உள்ளது. வாசக நண்பர்களே, நாம் பொறுக்க மாட்டாத ஒருவர் நம் ஒவ்வொருவர் நெஞ்சிலும் இருக்கக்கூடும். இன்றிரவு உறங்குமுன் அவரை அவர் பெயரால் ஒருமுறை நினைத்துப் பார்ப்போமாக.